உப்புக்காற்றும் நடுங்கும் பிரேக்கும்

மன்னாரின் போக்குவரத்து வரலாறு எனின், 1914ஆம் ஆண்டில் தொடங்கிய தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பற்சேவையே முதலில் நினைவுக்கு வரும். ஆயின் அத்தீவின் மணற்றரையில் ஓடிய மோட்டார்க் கார்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் சிறு கூறாகிய பிரேக் நடுக்கத்தை ஈண்டு நோக்குவோம்.

இது காரின் தொடக்ககாலந்தொட்டே இருந்துவந்த குறையாகும். ஆங்கிலப் பொறியியலாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் தட்டுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதன் செப்புப் பட்டைகள் உலோகத் தட்டோடு உராய்ந்து கிறீச்சிட்டன. பின்னர் ஹேர்பேர்ட் புறூட் என்பார் கல்நார் கலந்த உராய்வுப் பட்டைகளைப் புகுத்தியதனால் அவ்வோசை தணிந்தது. எனினும் பல்லாண்டுகள் கார்களில் நிலைபெற்றது டிரம் பிரேக்கே. டிரம்மின் வட்டம் சிறிது பிசகினும், சக்கரம் சுற்றுந்தோறும் பிடிப்பு மாறி வண்டி நடுங்கும்.

மன்னாருக்கு இருபுறமும் கடல். வாடையும் சோளகமும் உப்பீரத்தைச் சுமந்து வருவன. அத்தகைய காற்றில் பலநாள் நின்ற காரின் டிரம்மிலே, பட்டை மூடாத பகுதி துருவேறும். மூடிய பகுதியோ அவ்வாறன்று. இவ்வேற்றுமையே நடுக்கத்துக்குப் போதும். 1960களில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின், இலங்கையர் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களையே பேணி ஓட்டினர். எனவே குறையறியும் திறன் கராஜுகளின் இன்றியமையாத கலையாயிற்று.

அக்கலை ஓர் ஒழுங்குடையது. சுக்கான் நடுங்கின் முன்சக்கரங்களை ஐயுறுதல் வேண்டும். பின்சக்கரங்களை மட்டும் பற்றும் கைப்பிரேக்கை மெல்ல இழுக்கும்போது நடுக்கம் தோன்றின், குறை பின்புறத்தது. டிரம் கோணியிருப்பின் கடைசற்பொறியிற் கடைந்து நேராக்கலாம். எண்ணெய் ஊறிய பட்டையை மாற்றிவிடலாம். பட்டையின் முனை கடித்துப் பிடிப்பின் அதனைச் சரித்து அராவலாம். இவையாவும் செவ்வையாயிருந்தும் நடுக்கம் நீங்காதாயின், தளர்ந்த வில்லாணிகளையும் தேய்ந்த கிங்பின்களையும் நோக்கவேண்டும். குற்றம் பிரேக்கில் தோன்றினும் அதன் வேர் வேறிடத்தில் இருத்தல் கூடும்.

இத்தீர்வுக்கு ஒரு விலையும் இருந்தது. ஓசையைத் தணித்த கல்நார், தூசாகி நுரையீரலிற் புகுந்து புற்றுநோயையும் விளைக்கவல்லது. டிரம்மைக் கழற்றித் தூசை வாயால் ஊதிய தொழிலாளி அதனை அறிந்திலன். பிரித்தானியா கல்நாரை முற்றாகத் தடைசெய்தது 1999இலேயே. கண்டுபிடித்தோர் பெயரைக் காப்புரிமை ஏடுகள் காத்தன. அதனைத் தம் மூச்சோடு பழக்கியோர் பெயரை எந்த ஏடும் காக்கவில்லை. தொழினுட்ப வரலாறு எழுதுவோர் இனியேனும் கராஜின் வாயிலிலும் சற்று நிற்றல் வேண்டும்.