தந்தமற்ற யானை: ஒரு வரலாற்று நோக்கு

விலங்குகளின் உடலமைப்பு விலங்கியலாரின் ஆய்வுக்குரியது என்பதே பொதுவான எண்ணம். ஆயின் இலங்கை யானையின் உடல் வரலாற்று மாணவனுக்கும் உரியதொரு சான்றாகும் என நாம் கருதுகின்றோம்.

தந்தம் என்பது நீண்டு வளர்ந்த மேல்தாடை வெட்டுப்பல்லேயாகும். தென்னிந்திய ஆண் யானைகளுட் பெரும்பாலானவை தந்தமுடையன. இலங்கையிலோ பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே கொம்பன்கள். தந்தமற்ற யானையைச் சிங்களத்தில் 'அலியா' எனத் தனிப்பெயரால் வழங்குவதும் ஈண்டு நோக்கத்தக்கது.

யானையின் உடல் பண்டமாக அளக்கப்பட்டமை மிகப் பழைய செய்தி. இலங்கை மன்னன் யானைகளை உயரத்தின் முழக்கணக்கில் விலைக்கு வாங்கினான் என 6ஆம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ் கூறுகின்றார். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் யானையின் உயரத்தை அளந்தே விலை குறித்தனர்; தந்தமிருப்பின் விலை ஏறிற்று. கோல்கொண்டா, வங்காளம் முதலிய இடங்களின் வணிகர் அவற்றை வாங்கிச் சென்றனர். வன்னிக் காடுகளிலிருந்து குடாநாட்டிற்கு யானைகள் நடத்திவரப்பட்ட வழியை ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது.

இவ்வணிகத்தின் சுமையைத் தாங்கியோர் யாவர்? வன்னியர் தலைவர்கள் ஆண்டுதோறும் யானைகளைத் திறையாகச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். ஆயின் காட்டினுட் புகுந்து, யானையை வளைத்துப் பிடித்து, உயிராபத்துடன் அதனைப் பழக்கியோர் எளிய குடிமக்களே. விலைப்பட்டியலில் யானையின் உயரம் உண்டு. அவர்தம் உழைப்பு இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை மாறிற்று. விற்பனைப் பண்டமாயிருந்த யானை, பயிருக்குப் பகையெனக் கருதப்பட்டது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளைக் கொன்றதற்குச் சன்மானம் வழங்கப்பட்டதாக எமர்சன் தெனன்ற் எழுதியுள்ளார்.

தந்தமின்மை முழுவதையும் வேட்டையின் விளைவெனக் கூறுதல் பொருந்தாது. அது மரபுவழி வரும் இயல்பு, பழமையானதுமாகும். எனினும், கொம்பன்களைத் தேர்ந்து பிடித்தும் சுட்டும் வந்தமையால், தந்தத்திற்குரிய மரபு மேலும் அருகியிருக்கும் எனக் கொள்ள இடமுண்டு. சமூகத்தின் பொருளாசை விலங்கினத்தின் உடலையும் மாற்றவல்லது.

2023இல் இந்நாட்டில் 400இற்கும் மேற்பட்ட யானைகளும் 150இற்கும் மேற்பட்ட மனிதரும் யானை–மனித மோதலால் மாண்டனர். இன்றும் இழப்போர் யானையும் ஏழை விவசாயியுமே. இவ்விருவரையும் எதிரிகளாக நிறுத்திய நிலப்பயன்பாட்டின் வரலாற்றை ஆராய்வது நமது கடமையாகும்.