எல்லைப்புறத்துக் குரல்கள்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட பிராந்தியத்தில் ஒருவர் வீட்டாரோடு தெலுங்கில் பேசி, சந்தையில் கன்னடத்தில் பேரம் முடித்து, பள்ளியில் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் கேட்பது விசேஷமான காரியமன்று. பாராமகால் என்று பழைய தஸ்தாவேஜுகள் கூறும் கிருஷ்ணகிரிச் சீமை 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையாலும், ஓசூர்ப் பகுதி 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததாலும் கிழக்கிந்தியக் கும்பெனியார் வசமாயின. 1956-இல் மொழிவாரியாக மாநில எல்லைகளும் வகுக்கப்பட்டன. ஆயினும் அங்குள்ளோரின் நாவும் செவியும் எந்த வரம்புக்கும் அடங்கவில்லை. இத்தகைய மண்ணில், சபைகளின் தயவும் குருகுலத்தின் பெயரும் இல்லாத சாமானியப் பாடகர் ஒருவர் தம்மைக் கேட்பவர்களை எப்படிக் கண்டடைந்தார் என்பது எழுதிவைக்கத் தகுந்த சரித்திரம் என்றே கருதுகிறேன்.

அந்தச் சரித்திரத்தின் முதல் மேடை தெருக்கூத்து. அறுவடை ஓய்ந்த காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலெல்லாம் பாரதம் படிக்கப்பட்டு, இரவெல்லாம் கூத்து நிகழ்ந்து, கடைசி நாளில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின்மேல் படுகளச் சடங்கு முடியும் அந்த உற்சவத்தில், நேற்றுவரை ஏர் பிடித்தவர் இன்று கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்துக் கர்ணனாக வந்து நிற்பார். வாத்தியார் ஒருவரிடம் சில மாதங்கள் பாடம் கேட்டதே அவருடைய சிட்சை. முகவீணையும் ஆர்மோனியமும் மத்தளமும் முழங்க, ஒலிபெருக்கி வராத நாட்களில், கூட்டத்தின் கடைசி வரிசையில் குழந்தையை மடியிலிட்டு அமர்ந்திருந்த தாய்க்கும் கேட்கவேண்டும் என்பதற்காக உச்ச சுருதியில் பாடிப் பாடியே அந்தச் சாரீரம் உருவாயிற்று. அதில் நயம் குறைவென்று சொல்பவர்கள் விடியற்காலைக் கட்டங்களில் அது அடையும் உருக்கத்தைக் கேட்டவர்களல்லர். பாட்டில் லயித்தவர் எழுந்துவந்து நடிகரின் மார்பில் ரூபாய் நோட்டைக் குத்துவார். கொடுத்தவர் பெயரைக் கூத்தின் விதூஷகனான கட்டியங்காரன் உரக்கக் கூறுவான். பாடியவரும் கேட்டவரும் ஒருவரையொருவர் நேரில் கண்ட காலம் அது.

வானொலி வந்தபோது அந்த நேர்முகம் மறைந்தது. 1938-இல் சென்னை நிலையமும், 1955-இல் பெங்களூர் நிலையமும் அகில இந்திய வானொலியின் கீழ் ஒலிபரப்பைத் தொடங்கின. சங்கீதத்தை ஏழைகளின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த பேருபகாரம் வானொலியினுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் குரல் தேர்வில் தேறியவருக்கே ஒலிவாங்கி கிட்டியது. கூத்துக்காரரின் சுருதிக்குத் துணையான ஆர்மோனியமோ 1940 முதல் 1971 வரை அங்கே விலக்கப்பட்டிருந்தது. தவிர, தமிழ் ஒரு நிலையத்திலும் கன்னடம் ஒரு நிலையத்திலும் ஒலித்தமையால், மும்மொழியையும் ஒரே மூச்சில் பாடக்கூடிய எல்லைப்புறத்தார் எந்த நிலையத்துக்கும் முழு உரிமையாளராகவில்லை. கொல்லங்குடி கருப்பாயி போன்ற நாட்டுப்புறப் பாடகியை வானொலியே உலகறியச் செய்து, 1985-இல் ‘ஆண்பாவம்’ திரைப்படம் வரை அழைத்துச் சென்றதையும் நன்றியோடு நினைக்கவேண்டும்; எனினும் அத்தகைய பாக்கியம் சிலருக்கே வாய்த்தது.

இதற்கிடையே ஊரே மாறிற்று. சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட்டும், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே டைட்டன் கைக்கடிகாரமும் ஓசூரிலிருந்து புறப்பட, பல ஜில்லாக்களிலிருந்தும் வாலிபர்கள் வேலை தேடி வந்து குவிந்தனர். அவர்களில் பாடத் தெரிந்தவர்களுக்கு ஆயுத பூஜையும், கம்பெனி ஆண்டு விழாவும், கல்யாண மண்டபத்து ஆர்கெஸ்ட்ராவுமே அரங்கம். இரவு ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்பியவரின் பாட்டு அடுத்த அறைக்கு அப்பால் சென்றதில்லை.

2005-இல் யூடியூப் தோன்றியபோதும் அந்த அறைக்கு அதனால் உடனே பயனில்லை. 2016-இல் ஜியோவின் வருகையால் இணையக் கட்டணம் சரிந்த பிறகே கைப்பேசி சாமானியரின் ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. பாட்டின் ஆண்குரற் பகுதியை ஒருவர் பாடி விட்டுவைக்க, முகமறியாத ஒருத்தி எங்கோ இருந்து பெண்குரற் பகுதியைப் பாடி நிறைவுசெய்யும் கரோக்கி செயலிகளும் பரவின. 2019-இல் மேற்கு வங்கத்தின் ராணாகாட் ரயில் நிலையத்தில் பாடிய ராணு மண்டல், எவரோ எடுத்த ஒரு வீடியோவால் சில வாரங்களுக்குள் பம்பாய்த் திரையிசைக்குச் சென்று, அதே வேகத்தில் மறக்கவும் பட்டார். ஓர் எளிய பெண்ணை ஆரவாரத்தோடு தூக்கிப் பின்பு கைவிட்ட அந்த ரஸிகத்தனத்தை என் மனம் ஒப்பவில்லை. அட்டப்பாடியின் இருளர் குலத்து நஞ்சம்மாவின் கதை வேறு. ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்துக்காகத் தம் தாய்மொழியிலேயே அவர் பாடிய பாட்டு 2020-இல் இணையத்தின் வழியே மொழி தெரியாதவர்களையும் ஈர்த்தது. 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதும் அவரை அடைந்தது. அவர் எந்தப் பாஷைக்கும் தம்மை மாற்றிக்கொள்ளவில்லை என்பதே எல்லைப்புறத்தார்க்கு இதில் உள்ள ஆறுதல்.

2020-ஆம் ஆண்டுப் பங்குனியில் ஊரடங்கு வந்து திருவிழாக்கள் நின்றபோது, ஓராண்டு ஜீவனத்துக்குரிய கூத்துப் பருவம் அப்படியே கைநழுவிற்று. இன்று கூத்துக் குழுவினரின் இரவுகள் பல மணி நேர வீடியோக்களாக இணையத்தில் கிடக்கின்றன. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவரும் வளைகுடா நாட்டில் இருப்பவரும் சொந்த ஊர்க் கர்ணனை அதில் காணலாம். நோட்டைக் குத்துவதற்கு அங்கே மார்பில்லை. ஆனால் திரையின் அடியில் குழுத் தலைவரின் தொலைபேசி எண் ஓடுகிறது, அடுத்த திருவிழாவுக்குத் தேதி குறிக்க விரும்பும் ஊரார் அதில் அழைக்கலாம்.