எக்ஸ்பிரஸ்

எக்ஸ்பிரஸ் என்பது விரைவாகச் செல்லும் ரயிலையும் பேருந்தையும் குறிக்கத் தமிழில் வழங்கும் ஆங்கிலச் சொல். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இது ஓட்டத்தின் வேகத்தைக் காட்டிலும், நிறுத்தங்கள் குறைவு, கட்டணம் கூடுதல் என்பதையே முதன்மையாக உணர்த்துகிறது.

இதன் வேர், அழுத்தி வெளிக்கொணர்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்தபோது 'வெளிப்படையான', 'இதற்கென்றே அமைந்த' என்ற பொருள்களே இருந்தன. ஒரே ஒரு செய்திக்கென அனுப்பப்பட்ட தூதனும் அதனால் இப்பெயர் பெற்றான். அவன் வழியில் தங்காமல் போனதால் வேகம் என்ற பொருள் பின்னர் ஏறியது. 1840களில் இங்கிலாந்தில், ஓர் ஊருக்கென்றே இடைநில்லாமல் ஓடிய ரயிலுக்கு இச்சொல் நிலைத்தது. ஆகவே ரயிலைப் பொறுத்தவரை 'நில்லாமை'யே இதன் முதற்பொருள். 'வேகம்' அதன் விளைவு.

சோழ மண்டலக் கரைக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தது ரயில். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் மீட்டர் பாதை 1870களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வேயால் அமைக்கப்பட்டது. அக்காலத்தில் எக்ஸ்பிரஸைவிட மதிப்பு மிகுந்த சொல் 'மெயில்'. தபால் தாமதிக்கக் கூடாதென்பதால் அதைச் சுமந்த வண்டிக்கே வழிவிடப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய 'போட் மெயில்' சிதம்பரம் வழியாகவே சென்றது. தனுஷ்கோடியிலிருந்து கப்பல் தலைமன்னாருக்கு. 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியே திருச்சிக்குக் குறுக்குப் பாதை அமைந்ததும் நெடுந்தூர விரைவு வண்டிகள் பலவும் அங்கே மாறின. பெயரளவில் 'மெயின் லைன்' என்றே நீடித்த கடற்கரைப் பாதை, முதன்மையை இழந்தது. இவ்வட்டாரத்துக்கு அது பெரிய இழப்பு. விழுப்புரம்–மயிலாடுதுறை அகலப்பாதை 2010இல்தான் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது.

ரயில்வேயின் வகைப்பாட்டில் எக்ஸ்பிரஸ் நடுத்தரம். அகலப்பாதையில் சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொடும் வண்டி 'சூப்பர்ஃபாஸ்ட்'. அதற்குத் தனி மேல்கட்டணம் உண்டு. அந்த வேகத்தை எட்டாதவற்றில் சில நிறுத்தங்களை விட்டுச் செல்வது எக்ஸ்பிரஸ், எல்லா நிலையத்திலும் நிற்பது பாசஞ்சர். 55 என்பது அவ்வளவு பெரிய வேகமல்லாததால், 'சூப்பர்' என்ற அடைமொழி மிகை.

தமிழ்நாட்டு நூல்களும் அறிவிப்புகளும் 'விரைவு ரயில்', 'அதிவிரைவு ரயில்' என எழுதுகின்றன. இலங்கைத் தமிழர் 'கடுகதி' என்பர். இரண்டில் கடுகதியே அழகானது. எனினும் தமிழ்நாட்டில் பரவவில்லை. விரைவைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் என்றும் இருந்ததில்லை: கதழ்வு, துனைவு இரண்டையும் அப்பொருளுக்குத் தொல்காப்பிய உரியியலே தருகிறது.

பேருந்துத் துறையில் 1980இல் தொடங்கிய திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் 1997இல் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. கடலூர்–சிதம்பரம் சாலையில் இச்சொல் பயணியின் கேள்வியாகவே ஒலிக்கிறது. ஆலப்பாக்கத்திலோ புதுச்சத்திரத்திலோ இறங்க வேண்டியவர் ஏறுமுன் "எக்ஸ்பிரசா, நிக்குமா?" என்றுதான் கேட்பார். 2021 முதல் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கே உரியது. எக்ஸ்பிரஸில் ஏறினால் பெண்களும் சீட்டு வாங்க வேண்டும்.

கொரோனா காலத்தில் பாசஞ்சர் வண்டிகள் பெயரில் மட்டும் எக்ஸ்பிரஸ் ஆக்கப்பட்டு, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. வண்டிகள் முன்போலவே நின்று நின்று சென்றன. பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில் திரும்பியது.