தானுந்துக் கதவு மாற்றீடு

தானுந்துக் கதவு மாற்றீடு என்பது பழுதடைந்த கதவை அகற்றி, வேறொரு கதவைப் பொருத்தி நிறம் பூசும் பணியாகும். 1983 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 போன்றவற்றுக்கான பழைய கதவுகள் சென்னை புதுப்பேட்டை போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில் கிடைக்கின்றன.

பொருத்துதல்

பூசிய பின் கதவை நகர்த்தினால் விளிம்புப் பூச்சு பெயரக்கூடும். ஆகவே முதலில் கீல்களின் திருகாணிகளைத் தளர்த்தி, சுற்றிலும் இடைவெளி சீராக்கப்படுகிறது. அதன் பின்னரே உடற்சட்டத்திலுள்ள பூட்டுக் கொண்டி சரிசெய்யப்படுகிறது. பூட்டு இரு நிலைகளில் கவ்வும். முதல் நிலையிலேயே நின்றுவிட்டால் கதவு முழுமையாக மூடப்படவில்லை என்பது பொருள். இது பயணிகளுக்கு ஆபத்தானது.

நிறம் பூசுதல்

துருவை நீக்கி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்த பின்னர் நிறம் பூசப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள தொண்டாமுத்தூர் போன்ற ஊர்களில், மழைக்கால ஈரப்பதத்தால் விரைந்து உலரும் பூச்சுகள் வெளிறக்கூடும். இருகூறுப் பூச்சுகளின் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட்டு ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. சாதாரணத் தூசி முகமூடி அதனைத் தடுக்காது. ஆகையால் அவ்வகைப் பூச்சை வீட்டில் தெளித்தல் தகாது.