யாருடைய பிலிம்?

1954 மே 25ஆம் திகதி வியட்நாமில் கண்ணிவெடியில் சிக்கி இறந்தபோது றொபேட் கப்பாவிடம் இரண்டு கமராக்கள் இருந்தன. ஒன்றில் கறுப்பு வெள்ளை பிலிம். மற்றதில் வர்ண பிலிம். யுத்தத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவதே நேர்மை, வர்ணம் விளம்பரத்துக்கானது என்ற எண்ணம் அந்நாட்களில் பலரிடம் இருந்தது. இன்றும் இது பெரும்பாலும் அழகியல் விவாதமாகவே நடக்கிறது. ஆனால் பதினான்கு வருடங்களின் பின் அதே நாட்டில் நடந்த ஒன்று, கேள்வியையே வேறிடத்துக்குக் கொண்டுபோகிறது.

1968 மார்ச் 16. மை லாய் கிராமத்துக்குள் புகுந்த அமெரிக்கச் சிப்பாய்களுடன் இராணுவப் படப்பிடிப்பாளர் றொனால்ட் ஹேபர்லியும் போனார். அவரிடமும் இரண்டு வகை பிலிம்கள் இருந்தன. கறுப்பு வெள்ளை இராணுவத்தின் சொத்து. வர்ண பிலிம் அவருடைய சொந்தக் கமராவில் இருந்தது. அன்று கொல்லப்பட்டவர்கள் வியட்நாமின் கணக்குப்படி 504 பேர். அமெரிக்க இராணுவத்தின் கணக்குப்படி 347 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கறுப்பு வெள்ளைச் சுருள்களை ஹேபர்லி இராணுவத்திடம் ஒப்படைத்தார். அவற்றில் படுகொலை தெரியவில்லை. மண்பாதையில் குவிந்து கிடந்த பிணங்கள் வர்ணச் சுருளில் இருந்தன. அதைத் தன்னுடன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

1969 நவம்பர் 20ஆம் திகதி அவரது ஊர்ப் பத்திரிகையான கிளீவ்லாந்து பிளெய்ன் டீலர் அப்படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டது. டிசம்பர் 5ஆம் திகதி இதழில் லைஃப் சஞ்சிகை, விலைகொடுத்து வாங்கி, வர்ணத்தில் வெளியிட்டது. மண்பாதைப் படத்தை யுத்த எதிர்ப்பாளர்கள் சுவரொட்டியாக்கி 50,000 பிரதிகள் அச்சடித்தார்கள்.

ஆக, வர்ணம் என்பதால் அந்தப் படம் உண்மையாகிவிடவில்லை. பத்திரிகையில் நிறமிழந்து வந்தபோதும் அது உண்மைதான். இராணுவத்தின் மேசையைத் தாண்டாமல் தப்பியதுதான் அதன் பலம். அந்தச் சுருளும் முழு உண்மை அல்ல. சிப்பாய்கள் சுட்டுக்கொண்டிருப்பதைக் காட்டிய சில படங்களைத் தானே அழித்துவிட்டதாக 2009இல் ஹேபர்லி அதே பத்திரிகையிடம் சொன்னார். பிணங்கள் எஞ்சின, கொன்றவர்களின் முகங்கள் போய்விட்டன.

என் அகதி விண்ணப்பக் கோவையில் ஊரிலிருந்து வந்த வர்ணப் படங்கள் கறுப்பு வெள்ளைப் போட்டோப் பிரதிகளாகவே கிடந்தன. விசாரித்த அதிகாரி நிறத்தைப்பற்றிக் கேட்கவில்லை. யார் எடுத்தது, உன் கைக்கு எப்படி வந்தது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. அகதியிடம் மட்டும் அதைக் கேட்பதுதான் அநியாயம். அரசோ இயக்கமோ, யார் ஒரு யுத்தப் படத்தை எங்கள் முன் நீட்டினாலும் நாங்களும் அதையே கேட்கவேண்டும்: பிலிம் யாருடையது? கொடுக்காமல் வைத்துக்கொண்ட சுருள் எங்கே?