42.34 மீட்டரில் ஒரு கம்பி

மொட்டைமாடியில் ஒரு கம்பி கட்டப் போய் 1942-இல் போய் விழுந்த கதை இது. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். (வங்கிக்காரன் எழுதினால் கணக்கு வராமல் இருக்குமா?)

2005 ஜூலை 26-ஐ மும்பைத் தமிழர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நான் ஃபோர்ட் பக்கம் அலுவலகத்தில். மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் அம்பர்நாத்தில், தரைத்தள வாடகை வீட்டில். ரயில் நின்றது, செல்போனில் உயிர் இல்லை. மறுநாள் ராத்திரி, லாரியிலும் கால்நடையாகவும் வீடு வந்து சேரும் வரை அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது. மாடி வீட்டு ஆஜி இரண்டு பேரையும் மேலே ஏற்றி வைத்திருந்தார். நல்ல மனுஷி.

ஹாம் ரேடியோ ஆசை அன்றைக்கு முளைத்ததுதான். ஆனால் பிராஞ்ச், டிரான்ஸ்பர், பையன் படிப்பு என்று வருடங்கள் ஓடி, பரீட்சை எழுதி மத்திய அரசின் உரிமம் வாங்குவதற்குள் தலை நரைத்துவிட்டது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம், யாரும் விளையாட்டுக்குக்கூடச் செய்ய வேண்டாம்.

ஏரியல் என்றதும் பெரிய டவர் வேண்டும் என்று நினைப்பீர்கள். வேண்டாம். டைபோல் என்ற எளிய கம்பி ஏரியல் போதும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சொச்சம். அதை நடுவில் வெட்டி, இரண்டு பாதிகளுக்கும் நடுவே கோஆக்ஸ் கேபிளை இணைக்க வேண்டும். உள்கம்பி ஒரு பாதிக்கு, மேல்வலை மறு பாதிக்கு. சாதாரண வீட்டு ஒயரிங் கம்பியே வேலை செய்யும். கேபிள் லாமிங்டன் ரோட்டில் வாங்கினேன், முனைகளைக் கட்ட பிவிசி குழாய்த் துண்டு. நடுப்பகுதியைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கழியில் உயர்த்தி, இரு முனைகளையும் சரித்துக் கட்டினால் தலைகீழ் 'வி'. முதலில் கொஞ்சம் நீளமாகவே விட்டு, மீட்டரைப் பார்த்துப் பார்த்து நறுக்க வேண்டும். வெட்டின கம்பி ஒட்டாது!

உயரம் குறைவாக இருப்பதிலும் ஒரு லாபம் உண்டு. அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள் விழும். மலங்கட் மலை குறுக்கே நின்றாலும் கவலையில்லை. வெள்ளக் காலத்துக்கு இதுதானே வேண்டும்? ஒரு 12 வோல்ட் பேட்டரி இருந்தால் மின்சாரமும் வேண்டாம்.

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் 42.34 மீட்டர் என்ற எண் ஞாபகம் வந்தது. காங்கிரஸ் ரேடியோவின் அலைநீளம்! 300-ஐ 42.34-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 7.09. நான் கம்பி வெட்டிக்கொண்டிருந்த அதே அலைவரிசைப் பட்டை.

வெள்ளையனே வெளியேறு தீர்மானத்துக்குப் பிறகு தலைவர்கள் எல்லாம் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அப்போது 22 வயது உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் இந்த ரகசிய நிலையத்தைத் தொடங்கினார்கள். 1942 ஆகஸ்ட் 27 முதல் ஒலிபரப்பு. சௌபாத்தியில் ஆரம்பித்து வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தார்கள், ஏனென்றால் அலை வரும் திசையை மோப்பம் பிடிக்கும் வண்டிகளோடு போலீஸ் சுற்றிக்கொண்டிருந்தது. சிட்டகாங் குண்டுவீச்சு, ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தம் போன்ற செய்திகள் இவர்கள் வழியாகத்தான் வெளியே வந்தன. ராம் மனோகர் லோஹியா பக்கபலம். சிகாகோ ரேடியோ நானக் மோட்வானே கருவி கொடுத்து உதவியவர்.

டிரான்ஸ்மிட்டரைச் செய்தவர் நரிமன் பிரின்டர், ஒரு ஹாம். 1939-இல் போர் தொடங்கியதும் ஹாம் உரிமங்களை அரசு பறித்துவிட்டது. சட்டப்படி பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்ட வித்தை, சட்டத்துக்கு எதிராகப் பயன்பட்டது.

நம் ஊரிலும் இதற்கு முன்கதை உண்டு. 1924-லேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று ஆரம்பித்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பு நடத்தியது. பணமில்லாமல் 1927-இல் மூடினார்கள். டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போய், 1930-இல் மறுபடி பேச ஆரம்பித்தது. கடன் கொடுக்க ஒரு நல்ல மேனேஜர் இருந்திருந்தால்... சரி, விடுங்கள்.

காங்கிரஸ் ரேடியோ மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. நவம்பர் 12 அன்று கிர்காவ் பாரேக் வாடியில் ஒலிபரப்பு நடக்கும்போதே போலீஸ் கதவை உடைத்துப் புகுந்தது. கூட இருந்த தொழில்நுட்பக்காரரே காட்டிக்கொடுத்தார் என்று உஷா மேத்தா பிற்காலத்தில் சொன்னார். அவருக்கு நான்கு வருடச் சிறை. பிறகு பேராசிரியராகி, 1998-இல் பத்ம விபூஷண் வாங்கி, 2000-இல் மறைந்தார்.

எங்கள் சொசைட்டி செயலாளர் கம்பியைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "போலீஸ் வந்தா யார் பதில் சொல்றது?" என்று அறுக்கச் சொன்னார். உரிமத்தைக் காட்டினேன், மசியவில்லை. உஷா மேத்தா கதையைச் சொன்னேன். "அந்தப் படம் பார்த்தேனே!" என்றார். (2024-இல் ஹிந்தியில் வந்தது.) அதோடு இறங்கி வந்து, "சரி, லைசென்ஸ் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி ஃபைலுக்குக் கொடுங்க" என்றார். நானும் ஃபைல் மனிதன்தானே, அட்டெஸ்ட் பண்ணியே கொடுத்தேன்.

போன ஞாயிறு மீட்டர் முள் ஒருவழியாக இறங்கியது. மனைவி துணி எடுக்க மாடிக்கு வந்தவள் கேட்டாள்: "அன்னைக்கு இது இருந்திருந்தா நான் உயிரோட இருக்கேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாதும்மா. வீட்டுப் பக்கத்திலும் பேசத் தெரிஞ்ச, உரிமம் இருக்கிற ஒருத்தர் வேணும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பார்த்தால் என் பழைய பரீட்சைப் புத்தகம் சமையலறை மேடையில் இருக்கிறது, மூன்றாவது பக்கத்தில் கறிவேப்பிலைக் காம்பு அடையாளம் வைத்து.