பங்க்கில் ஒரு சுற்று

போன வாரம் மகனோடு காரில் சேலத்திலிருந்து நாமக்கல் போனேன். ஆண்டகளூர் கேட் தாண்டி ஒரு பங்க்கில் பெட்ரோல் போட நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய லாரி டீசல் போட்டு முடித்திருந்தது. டிரைவர் பணத்தைக் கொடுத்துவிட்டு உடனே ஏறவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தார், குனிந்து அடியில் பார்த்தார், பின் சக்கரங்களை ஒரு இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். மகன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். "டீசல் போட்டாச்சில்ல, எடுக்க வேண்டியதுதானே?" என்றான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னேன். அதையே இங்கும் எழுதி வைக்கிறேன்.

என் உத்தியோகத்தின் பெரும்பகுதி இந்த ரோட்டில் ஒரு பங்க்கில்தான் கழிந்தது. கணக்கு எழுதப் போய், மேனேஜராக ஓய்வு பெற்றேன். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மூன்றும் லாரியால் வாழும் ஊர்கள். நாமக்கல்லில் பாடி கட்டுவார்கள், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் நாடெங்கும் போர் போடப் போகும், சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரி பேச்சுதான். தென்னிந்தியாவின் கேஸ் டேங்கர் உரிமையாளர் சங்கமும் நாமக்கல்லில்தான் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் பங்க்கில் நடந்துகொள்ளும் முறைக்கு யாரும் புத்தகம் போட்டதில்லை. ஆனால் அதற்கு நீண்ட சரித்திரம் உண்டு.

ரோட்டில் தங்கும் முறை லாரிக்கு முந்தியது. சேலம் - நாமக்கல் ரோட்டில் புதுச்சத்திரம் என்று ஊரே இருக்கிறது. பேரைச் சொன்னாலே போதும். சத்திரம், தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கிக் கல் எல்லாம் வழிப்போக்கனுக்காக ஊர் செய்து வைத்தவை. அதற்கும் முன்னால் உப்பு விற்ற உமணர்கள் வண்டி வண்டியாகப் போனார்கள். மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று அவர்கள் வண்டிக்கு அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். பாட்டுக்கு உரியவன் தகடூர் அதியமானின் மகன். தகடூர் என்பது இன்றைய தருமபுரி, நமக்குப் பக்கத்து ஊர். நாம் 'ஸ்டெப்னி' என்கிறோமே, அந்தச் சொல் வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904இல் உபரிச் சக்கரம் செய்தவர்களிடமிருந்து வந்தது. பேர் சீமையிலிருந்து வந்தது, புத்தி நம்மிடம் முன்பே இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்களும் லாரிகளும் கரிவாயுவில் ஓடின. வண்டிக்குப் பின்னால் ஒரு உருளையில் அடுப்புக்கரியைக் கொளுத்தி, கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். அது கிளீனர் வேலை. டிரைவர் ஏறுவதற்கு வெகு நேரம் முன்பே அவன் எழுந்துவிடுவான். கிளீனர் என்றால் வண்டி துடைப்பவன் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வண்டியை உயிரோடு வைத்தவன் அவன்.

டீசல் லாரி பெருகியது சுதந்திரத்துக்குப் பிறகுதான். டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸோடு 1954இல் சேர்ந்தது. அடுத்த வருஷமே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை 1963இல் வந்தது. சிமெண்ட், ஜவ்வரிசி, மேக்னசைட், பிறகு முட்டை, கோழித்தீவனம் என்று சரக்கு பெருகப் பெருக வண்டியும் பெருகியது. வண்டி பெருகியதும் பங்க்கில் வரிசை வந்தது. வரிசை வந்ததும் முறை வந்தது.

அந்த முறைகளை மூன்றாகப் பிரிப்பேன்: நெருப்பு, கணக்கு, தூக்கம்.

நெருப்பு எல்லோருக்கும் தெரிந்தது. இன்ஜினை அணைக்க வேண்டும், பீடி பற்ற வைக்கக் கூடாது. ஆனால் லாரிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு, ஸ்டவ். தூரம் போகும் வண்டியில் அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கும். ரோட்டோரம் பம்ப் ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள். டீசல் சட்டென்று பற்றாது, அந்தத் தைரியத்தில் சிலர் பங்க் நிழலிலேயே அடுப்பு மூட்டப் பார்ப்பார்கள். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். தரையில் வைத்த ஸ்டவ்வைத் தேடிப் போவது போலத்தான். பழைய டிரைவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் அடுப்பை எப்போதும் காம்பவுண்டுக்கு வெளியே, புளியமரத்தடியில்தான் வைப்பார்கள். புதுப் பையன் உள்ளே வைத்தால் நான் சொல்லும் முன் இன்னொரு டிரைவரே எழுந்து போய் அணைப்பார். டேங்கர் வந்து எண்ணெய் இறக்கும்போதும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

இரண்டாவது கணக்கு. 1973இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியது. அந்தப் பத்து வருஷத்துக்குள்ளேயே எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் எல்லாம் அரசு கம்பெனிகளாகிவிட்டன. விலையை டெல்லி தீர்மானித்தது. ஏறினால் நள்ளிரவிலிருந்து ஏறும். சேதி கசிந்தால் போதும், இரவு எட்டு மணிக்கே வண்டிகள் வந்து நிற்கும். அந்த இரவுகளில் எங்கள் பங்க்கில் ஒரு வழக்கம் இருந்தது. டேங்க்கில் மட்டும்தான், பேரல் கூடாது. தூரம் போகும் வண்டிக்கு முதலில், உள்ளூர் வண்டி ஒதுங்கி நிற்கும். நாங்கள் போர்டு எழுதி வைத்ததில்லை. உள்ளூர்க்காரரே "அவரு நாக்பூர் போறாருங்க, போட்டு உடுங்க" என்பார். நாளைக்கு அவரும் எங்கோ வெளியூர்க்காரர்தானே.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் 16இல் விலை தினம் காலை 6 மணிக்கு மாறும் முறை வந்தது. நள்ளிரவு வரிசையும் போயிற்று, அந்த விட்டுக்கொடுத்தலைப் பார்க்கும் வாய்ப்பும் போயிற்று.

கணக்கில் இன்னொன்றும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். நூறு லிட்டர் போட்டு நூற்றிருபதுக்குப் பில் கேட்கும் டிரைவர்கள் இருந்தார்கள். எழுதிக்கொடுத்த பங்க்குகளும் இருந்தன. முதலாளி கொடுக்கும் படி போதாததுதான் காரணம் என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. அளவு குறைத்த பங்க்குகளும் இருந்தன. அதற்காகத்தான் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும் என்று விதி. சந்தேகம் இருந்தால் யாரும் கேட்டுப் பிடித்துப் பார்க்கலாம். ஹைட்ரோமீட்டரால் அடர்த்தியும் பார்க்கச் சொல்லலாம். நல்ல டிரைவர் கேட்கும் விதமே வேறு. மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்ததா என்று பார்ப்பார், பையனைத் திட்ட மாட்டார். "ஒருக்கா அளந்து காட்டுங்க" என்பார். நாங்களும் முகம் சுளிக்காமல் காட்டுவோம்.

மூன்றாவது தூக்கம். மற்ற இரண்டையும்விடப் பெரியது இதுதான்.

1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 5 மணி நேரத்துக்கு மேல் விடாமல் வேலை வாங்கக் கூடாது, அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றது. சட்டம் இருந்தது. தூங்க இடம் இருந்ததா? பங்க்தான் இருந்தது. விளக்கு உண்டு, தண்ணீர் உண்டு, திருட்டு பயம் குறைவு. அதனால்தான் இரவில் பங்க்குக்குள் வருகிறவர் ஹெட்லைட்டைத் தாழ்த்துவார், ஏர் ஹாரன் அடிக்க மாட்டார், டீசல் போட்டதும் ஓரத்துக்குத் தள்ளி நிறுத்துவார். தூங்கும் டிரைவரைக் காரணமில்லாமல் எழுப்பக் கூடாது. எழுப்பினால் கதவைத் தட்டக் கூடாது, பேரையோ ஊரையோ சொல்லிக் கூப்பிட வேண்டும். திடுக்கிட்டு எழுந்தவன் முதலில் ஸ்டியரிங்கைத்தான் பிடிப்பான்.

பகலில் நிழல் எங்கே? வண்டிக்கு அடியில். அங்கேதான் கிளீனர் பையன்கள் கோணிச் சாக்கை விரித்துப் படுப்பார்கள்.

எண்பதுகளில் ஒரு சித்திரை மாத மதியம். வரிசை ரோடு வரை நின்றது. முன்னால் நின்ற வண்டிக்கு டீசல் போட்டாகிவிட்டது, டிரைவர் எடுக்கவில்லை. எனக்கு எரிச்சல். "எடுப்பா சீக்கிரம், எத்தனை வண்டி நிக்குது பாரு" என்று கத்தினேன். அவர் ஸ்டியரிங்கில் கை வைக்காமலே சொன்னார்: "இருங்க மேனேஜருங்க, பையன் ஒரு சுத்து பாத்துட்டு வரட்டும்." அவருடைய கிளீனர் கம்பியால் டயரைத் தட்டிக்கொண்டே பின்னால் போனான். அங்கே நின்றுவிட்டான். குனிந்தான். பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, பக்கத்து வண்டிப் பையன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். பதினைந்து வயதுகூட இருக்காது. நிழல் நகர நகர அவனும் தூக்கத்திலேயே நகர்ந்து வந்திருக்கிறான். காலைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, யாரும் திட்டுவதற்குள் ஓடிவிட்டான்.

டிரைவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. நான் கத்தியதைக் கேட்டு அவர் பயந்து எடுத்திருந்தால், வழக்கு அவர் மேல்தான் வந்திருக்கும், என் மேல் வந்திருக்காது. அடுத்த நாளிலிருந்து எங்கள் பங்க்கில் ஒரு பழக்கம் வைத்தேன். டீசல் போட்ட பையன் வண்டியின் பின்னால் போய் நின்று "ரைட்" சொன்ன பிறகுதான் வண்டி நகரும். நான் ஓய்வு பெறும் வரை அது மாறவில்லை.

இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள், பையன்களும் வருவதில்லை. டிரைவர் ஒற்றை ஆளாக வருகிறார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது, நல்லது. எண்ணெய்க் கம்பெனிகள் 'அப்னா கர்' என்ற பேரில் டிரைவர்கள் படுக்க இடம் கட்டுகின்றன, அதுவும் நல்லது. ஆனால் கழிப்பறையைப் பூட்டிச் சாவியைக் கல்லாவில் வைத்திருக்கும் பங்க்குகளை இன்றும் பார்க்கிறேன். காற்று, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. முறை என்பது டிரைவருக்கு மட்டும் உரியதல்ல.

கிளீனர் இல்லாததால் அந்த ஒரு சுற்றை டிரைவரே சுற்றுகிறார். அதற்கு ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு நிமிஷம். மகனிடம் இதைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தப் பையன் இப்ப எங்கப்பா இருப்பான்?" என்று கேட்டான். தெரியாது. இருந்தால் ஐம்பதைத் தாண்டியிருப்பான். எங்கேயாவது ஒரு பங்க்கில், கையில் கம்பியோடு, தன் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன்.